செஞ்சியில் யார் யாருக்குத் துபாஷி?

போன மார்கழியில் கோட்டைக்குள் கல்யாண மகால் பக்கம் இரண்டு பெண்களைப் பார்த்தேன். ஒருவர் போலந்துக்காரர், ஓவியக் கண்காட்சிகள் நடத்துகிறவர். மற்றவர் ஸ்லோவேனியாவிலிருந்து, கவிதை மொழிபெயர்ப்பவர். இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டது இங்கிலீஷ். கூட வழிகாட்டப் போன எங்க ஊர்ப் பையன் பேசியதும் இங்கிலீஷ், அதாவது அவனுக்குத் தெரிந்த முப்பது நாற்பது வார்த்தை. மூன்று பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் ராஜா தேசிங்கின் கதை நடந்துகொண்டிருந்தது. ‘கிங், ஹார்ஸ், வார், பினிஷ்.’

உங்க ரெண்டு மொழியும் ஒரே குடும்பம்தானே, நேராப் பேசிக்கக் கூடாதா என்று கேட்டேன். சிரித்தார்கள். நமக்கும் தெலுங்குக்கும் உள்ள மாதிரிதானாம். சொல் அங்கங்கே பிடிபடும், வாக்கியம் நழுவிவிடும். கோர்ட்டுக்கோ கம்பெனிக்கோ துபாஷி வேண்டுமென்றால் கிடைப்பார்கள். ஒரு கவிஞர் பேசுவதை, ஓவியர் தன் படத்தைப் பற்றிச் சொல்வதை, போலிஷிலிருந்து நேராக ஸ்லோவேனியத்துக்குக் கொண்டுபோக ஆள் தேடினால் அலைச்சல்தான். கடைசியில் எல்லோரும் இங்கிலீஷ் என்கிற பரிசல் ஏறித்தான் அக்கரை போகிறார்கள். பரிசலிலிருந்து ஆற்றில் விழுந்தது எவ்வளவு என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு அவர்கள் ஊர் ஞாபகம் வரவில்லை, எங்க ஊர் வரலாறுதான் வந்தது. செஞ்சியின் வரலாற்றை யார் பிடித்தார்கள், யார் விட்டார்கள் என்ற வரிசையாகவே படித்துப் பழகிவிட்டோம். நாயக்கர், பிஜப்பூர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர். இந்த வரிசையில் ஒருத்தன் பேச்சு இன்னொருத்தனுக்கு நேராகப் புரிந்த இடம் எங்கே இருக்கிறது? கோட்டை கைமாறும்போதெல்லாம் நடுவில் ஒருவர் நின்றிருக்கிறார். அவரை வைத்து இந்த வரலாற்றைத் திருப்பிப் போட்டால் என்ன தெரியும் என்பதே இங்கே என் கேள்வி.

*

ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். பிஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றார்கள். மராட்டியர் வாயில் சந்தி. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் எட்டு வருஷ முற்றுகைக்குப் பின் 1698-ல் பிடித்ததும் அவனுடைய நுஸ்ரத் ஜங் பட்டத்தால் நுஸ்ரத்கட் ஆயிற்று. வெள்ளைக்காரனுக்கு ஜிஞ்சி. இத்தனைக்கும் நடுவே ஜனங்கள் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1597-ல் இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெந்தா இந்த ஊரை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய விதத்தைப் பாருங்கள். இந்தியாவில் தாங்கள் கண்ட நகரங்களில் இதுவே பெரிது, லிஸ்பனை விட்டால் போர்த்துகலிலும் இதற்கு ஈடில்லை என்று எழுதினார். பின்னால் இங்கிலீஷ்காரர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிழக்கின் ட்ராய் என்றார்கள். செஞ்சி ஐரோப்பியனுக்குப் புரிய வேண்டுமென்றால் அது லிஸ்பனாக வேண்டும், இல்லையேல் ட்ராயாக வேண்டும். செஞ்சியாக இருந்து புரிய வழியே இல்லை.

பிமெந்தா சந்தித்தது கிருஷ்ணப்ப நாயக்கரை. நாயக்கரின் வீட்டு மொழி தெலுங்கு. குடிகளின் மொழி தமிழ். பாதிரியாரின் பேச்சு போர்த்துகீசியம், ஐரோப்பாவில் அச்சேறிய கடிதம் லத்தீன், 1625-ல் பர்ச்சாஸின் பயணத் தொகுப்பில் அது இங்கிலீஷ். சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சந்நிதியை நாயக்கர் விரிவாக்க, அதை எதிர்த்த தில்லைப் பூசகர்கள் கோபுரத்திலிருந்து விழுந்து உயிர்விட்ட சம்பவத்தை நாம் அறிவது இந்தக் கடிதம் வழியாகத்தான். செஞ்சி ராஜாவுக்கும் சிதம்பரத்துப் பூசகர்களுக்கும் நடுவில் நடந்த ஒரு தமிழ்நாட்டுச் சண்டை இத்தனை மொழி தாண்டி நமக்குத் திரும்பி வருகிறது. வழியில் சைவமும் வைணவமும் ‘விக்கிரக ஆராதனைக்காரர்கள்’ என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுவதில் ஆச்சரியமில்லை.

சோழமண்டலக் கரையில் அன்றைக்கு இங்கிலீஷின் இடத்தில் இருந்தது போர்த்துகீசியம், அதுவும் இலக்கணம் உதிர்ந்த துறைமுகப் போர்த்துகீசியம். டச்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் தமிழ் வியாபாரியிடம் பேசியது பெரும்பாலும் அதில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரிமார் வந்த ஒரு வருஷத்துக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்று 1698 சாசனமே விதித்தது. போர்த்துகல்லின் அதிகாரம் இந்தக் கரையில் தேய்ந்துபோன பிறகும் அவர்கள் மொழி மற்றவர்களுக்கு நடுவில் பரிசல் விட்டுக்கொண்டிருந்தது. ராஜ்ஜியம் போனாலும் மொழி வாடகைக்கு ஓடும் போலிருக்கிறது.

துபாஷியே தேவைப்படாத ஒரு ஒப்பந்தமும் உண்டு. 1690-ல் செஞ்சியிலிருந்த ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. எல்லையை எப்படி அளப்பது? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு. அதற்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. அந்தக் கிராமத்துக் குடியானவனுக்கு எந்த மொழியிலும் யாரும் எதையும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சத்தமே போதும்.

*

துபாஷி என்றதும் நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேயின் தலைமைத் துபாஷி. 1736-லிருந்து 1761-ல் சாகும்வரை எழுதிய நாட்குறிப்புக்காக அவரைக் கொண்டாடுகிறோம். 1750 செப்டம்பரில் புஸ்ஸி ஒரே ராத்திரியில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தபோது பிள்ளையின் எஜமானர்களுக்கு அது உச்சம். 1761-ல் புதுச்சேரி விழுவதற்குச் சில நாள் முன்பு பிள்ளை போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் செஞ்சியும் இங்கிலீஷ்காரன் கைக்குப் போயிற்று.

எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. இந்த மனுஷரைச் சுற்றி மூன்று மொழிப் புலவர்கள் இருந்தார்கள். தமிழில் தியாகராச தேசிகர் ஆனந்தரங்கன் கோவை பாடினார். சமஸ்கிருதத்தில் சீனிவாச கவி ஆனந்தரங்க விஜய சம்பு எழுதினார். தெலுங்கில் கஸ்தூரி ரங்ககவி அவர் பெயராலேயே ஒரு யாப்பு நூல் செய்தார். பரிசு வாங்க வந்த துதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரே கூடத்தில் மூன்று மொழிக் கவிதை. அந்தக் கூடத்தின் சொந்தக்காரரோ, மொழி கடத்துவதையே தொழிலாகக் கொண்டவர். அவர் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனவை என்ன? நவாபின் கடிதம், நெசவுக்காரன் பாக்கி, படை எங்கே நிற்கிறது என்ற துப்பு, துணி விலை. கோவை போகவில்லை. கேட்ட ஆள் இல்லை. வியாபாரத்துக்குத் துபாஷி உண்டு, யுத்தத்துக்கு உண்டு, பாட்டுக்கு இல்லை. பாட்டுக்குத் துபாஷி வேண்டும் என்று சம்பளம் போட்டவன் எவனும் இல்லை.

அந்தப் பதவிக்கு நடந்த சண்டையும் இதைத்தான் சொல்கிறது. கனகராய முதலியார் 1746-ல் இறந்த பிறகு அடுத்தவர் யார் என்பதில் கிறிஸ்தவரா இந்துவா, எந்தச் சாதி, யாருக்கு யார் வேண்டியவர் என்றெல்லாம் இழுபறி. மொழிப் புலமை விஷயமே அல்ல. துபாஷி என்பவர் இரண்டு மொழி தெரிந்தவர் என்பது அகராதி அர்த்தம். நடைமுறையில் அவர் இரண்டு பக்கமும் கடன் கொடுக்க முடிந்தவர்.

இன்னொரு வேடிக்கை. பிள்ளை தனக்காகத் தமிழில், அதுவும் பேச்சு வழக்கு கலந்த தமிழில் எழுதியது முதலில் விரிவாகப் புத்தகமானது இங்கிலீஷில், 1904-லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக. தமிழில் தொகுதிகள் புதுச்சேரியில் வரத் தொடங்கியது 1948-ல். தமிழ் வாசகனுக்குத் தமிழ்த் துபாஷியைக் காட்ட இங்கிலீஷ் துபாஷி வேண்டியிருந்தது.

*

அப்படியானால் இலக்கியம் எந்த வழியாகத்தான் போயிற்று? கொல்லைப்புறம் வழியாக. அயோத்திதாசர் பதிவு செய்திருக்கும் செய்தி இது: அவர் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரை வீட்டில் பட்லர். தன்னிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏடுகளை அவர் எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார். எல்லிஸின் குறள் ஈடுபாடு நமக்கெல்லாம் தெரியும்; கல்வெட்டு வரைக்கும் பேசுகிறோம். தமிழ் அச்சு வரலாறு எழுதியவர்கள் பட்லரைத் தாண்டிக்கொண்டே நெடுங்காலம் போனார்கள், அயோத்திதாசர் மறுவாசிப்புக்கு வந்த 1990களில்தான் இந்தப் பெயர் பலர் காதில் விழுந்தது. தலைமைத் துபாஷி கொண்டுபோகாததைச் சமையற்கட்டில் நின்றவர் கொண்டுபோயிருக்கிறார். ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று நாம் நக்கல் செய்யும் அந்தப் பேச்சு எதையெல்லாம் தூக்கிச் சுமந்தது என்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

மொழி தெரிந்தால் மட்டும் போதும் என்பதில்லை. உ.வே.சாமிநாதய்யர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது அவருக்குத் தமிழா தெரியாது? கும்பகோணத்து ஜைனர்களிடம், சந்திரநாத செட்டியார் போன்றவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுத்தான் 1887 பதிப்பு வந்தது. தமிழிலிருந்து தமிழுக்கே ஒரு துபாஷி. செஞ்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேல்சித்தாமூரில் ஜைன மடம் இன்றும் இருக்கிறது. அங்கே போய்ப் பேசினால் நம்ம பாடத்திட்டத் தமிழ் எவ்வளவு ஊமை என்று தெரியும்.

*

இப்போது எங்க ஊர் எழுத்தாளர் ஒருவர். நாராயண பிள்ளை. ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ எழுதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆர்க்காட்டுக்கு வந்த கம்பெனி அதிகாரி கர்னல் மக்லியோட் கேட்டுக்கொண்டதால் எழுதியது. தமிழில் செஞ்சி வரலாறு என்று நாம் கையில் எடுக்கிற முக்கியமான உரைநடைப் பிரதி ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி அவனுடையது, ஆனால் பதிலில் கேள்விக்கு அடங்காதவையும் வந்துவிடுகின்றன. சி.எஸ்.சீனிவாசாச்சாரி 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காக எழுதிய செஞ்சி வரலாறு இந்தப் பிரதியில் நிறையச் சாய்கிறது, அதுவும் இங்கிலீஷில். அதற்கு முன்பே 1939-ல் புதுச்சேரியில் ஞானு தியாகு இதைப் பிரெஞ்சில் கொண்டுவந்துவிட்டார்.

இப்படிப்பட்ட பிரதிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தவர் கர்னல் மெக்கன்சி. அவருக்கு இந்திய மொழி ஒன்றும் தெரியாது. 1817 கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு எப்படிச் சேர்த்தார்? காவலி வெங்கட போரய்யா என்ற தெலுங்குப் பிராமண இளைஞரை வைத்து. இந்திய அறிவுக்குள் நுழைய வாசலைத் திறந்துவிட்டது போரய்யாதான் என்கிற பொருளில் அந்தக் கடிதமே பேசுகிறது. போரய்யா ஊர் ஊராய்ப் போனார், ஏடு கேட்டார், கல்வெட்டுப் படி எடுத்தார், 1803-ல் இருபத்தாறு இருபத்தேழு வயசில் செத்துப்போனார். தம்பி லட்சுமய்யா தொடர்ந்தார். ஜைனர் விஷயத்துக்குத் தர்மய்யா என்ற ஜைனர் இருந்தார். மெக்கன்சி 1821-ல் இறந்த பிறகு, இந்தத் திரட்டை ஆராய்ந்து முடிக்கத் தன்னை அனுமதிக்க வேண்டும் என்று லட்சுமய்யா விண்ணப்பித்தார். கல்கத்தா ஆசியக் கழகத்தில் ஜேம்ஸ் பிரின்சேப் தரப்பு 1836-ல் அதை ஏற்கவில்லை. இந்த மாதிரி விமர்சனப் பார்வையை உள்ளூர்க்காரர் ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாது என்பது சாராம்சம். வேலை வில்லியம் டெய்லர் பாதிரியாருக்குப் போயிற்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நீ கேட்டுக்கொண்டு வா, பெயர்த்துக் கொடு, நகல் எடு. ஆனால் இதற்கு இதுதான் அர்த்தம் என்று நீ சொல்லாதே. துபாஷிக்கும் ஆய்வாளருக்கும் நடுவில் போடப்பட்ட கோடு இது. நாக்கு உன்னுடையது, கருத்து என்னுடையது. போரய்யா சகோதரர்கள் மேல்சாதி. அவர்களுக்கே இந்தக் கதி என்றால், அவர்களுக்குக் கதை சொன்ன கிராமத்து ஆட்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். செஞ்சியில் சக்கிலிதுர்க்கம் என்று ஒரு சின்னக் குன்று இருக்கிறது. ராஜகிரிக்கு அர்த்தம் சொல்வார்கள், கிருஷ்ணகிரிக்குச் சொல்வார்கள். இந்தப் பெயரை யாரும் எந்த மொழிக்கும் பெயர்ப்பதில்லை.

அந்த ஸ்லோவேனியப் பெண்மணி எனக்கு ஒரு பெயர் சொன்னார். பிறகு தேடிப் படித்தேன். எமில் கொரிட்கோ. 1813-ல் பிறந்த போலிஷ்காரர். ஆஸ்திரிய அரசு அரசியல் காரணத்துக்காக அவரைக் கலீசியாவிலிருந்து லுப்லியானாவுக்கு நாடு கடத்தியது. 1837 தொடக்கத்தில் வந்தார், இரண்டே வருஷம், 1839 ஜனவரியில் இறந்துபோனார். அதற்குள் ஸ்லோவேனிய நாட்டுப்பாடல்களை ஆள் வைத்துத் திரட்டிவிட்டார். அவர் செத்த பிறகு 1844 வரை அது ஐந்து பாகமாக வந்தது. ஸ்லோவேனியர்களின் மகாகவி பிரெஷெரனுக்கு இவர் போலிஷ் இலக்கியத்தைக் காட்டினார், பிரெஷெரன் மிட்ஸ்கியேவிச் கவிதை ஒன்றை மொழிபெயர்த்தார். எந்த மொழியில் என்கிறீர்கள்? ஜெர்மனில். சாம்ராஜ்யத்தின் மொழியில். போலிஷுக்கும் ஸ்லோவேனியத்துக்கும் கலை இலக்கியத் துபாஷி என்று தேடினால் வரலாற்றில் கிடைக்கிற ஆள், எந்த அலுவலகமும் நியமித்தவர் அல்ல, போலீஸ் கொண்டுவந்து விட்டவர். போரய்யாவும் கொரிட்கோவும் ஏறக்குறைய ஒரே வயசில் செத்தவர்கள். ஒருவர் பெயர் பாடல் தொகுப்போடு சேர்ந்து நிற்கிறது. இன்னொருவர் சேர்த்தது ‘மெக்கன்சி சுவடிகள்’.

தமிழுக்கும் போலிஷுக்கும் நடுவிலும் ஒரு ஆள் உண்டு. வாண்டா டினோவ்ஸ்கா, இங்கே உமாதேவி. 1944-ல் மாரிஸ் ஃப்ரைட்மனோடு சேர்ந்து சென்னையில் போலிஷ்-இந்திய நூலகம் என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கினார். யுத்தத்தில் சிதறிப் போலந்து அகதிகள் இந்தியாவுக்கே வந்து சேர்ந்த காலம். அவர் அந்த மொழிக்குக் கொண்டுபோனவற்றில் திருக்குறளும் உண்டு. இவரையும் எந்த நிறுவனமும் சம்பளம் போட்டுத் தேடவில்லை.

நம்ம பக்கம் மட்டும் ஒழுங்கா? சிம்போர்ஸ்காவை நம் சிறுபத்திரிகைகள் எத்தனை முறை போட்டிருக்கின்றன. எல்லாம் இங்கிலீஷ் வழியாக. தப்பில்லை, பரிசல் இல்லாமல் எப்படிப் போவது? ஆனால் அந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர் பெயரைக்கூடப் போடாமல் ‘போலந்துக் கவிதை, தமிழில் இன்னார்’ என்று போடுகிறோமே, அது மெக்கன்சி வேலை.

*

துபாஷிப் பிரச்சினையை அடியோடு ஒழித்துக்கட்டிய ஒரே பிரதி தேசிங்குராஜன் கதை. தேஜ்சிங் புந்தேலா ராஜபுத்திரன். 1714-ல் பத்துமாதம் போல இங்கே இருந்து ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தவன். அவனுக்கும் இந்த ஊர் விவசாயிக்கும் பொது மொழி ஏது? கதைப்பாட்டில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். டில்லி பாதுஷா பேசுகிறார், நவாப் பேசுகிறார், ராஜா பாராசாரிக் குதிரையிடம் பேசுகிறான். சிங்கவரம் ரங்கநாதர் மட்டும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மகபத்கான் என்ற பெயரை எங்க ஜனங்களின் காது மோவுத்துக்காரன் ஆக்கியது. பெரிய எழுத்துப் புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. தப்பாக எழுதிவிட்டார்கள் என்று படித்தவர்கள் திருத்துவார்கள். நான் அதை இந்த ஊரின் முதல்தரமான மொழிபெயர்ப்பு என்பேன். அந்நியத் தளபதி அதிலே பக்கத்துத் தெரு ஆளாகிவிட்டான்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய ராணுவ நிலவெளிகள்’ என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. சந்தோஷம்தான், ஊருக்கு நாலு பேர் வருவார்கள். மராட்டியர் இங்கே இருந்தது 1677-லிருந்து 1698 வரை, 21 வருஷம். அதை மறுக்கவில்லை. ஆனால் வருகிறவனுக்கு இந்தக் கோட்டை இனி எந்தத் தலைப்பில் பெயர்த்துச் சொல்லப்படும்? லிஸ்பன், ட்ராய், இப்போது இது. கோட்டைக் கோயில் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. அங்கே செல்பி எடுக்கிறவனுக்கு அது செஞ்சிக் கல் என்று சொல்ல யாரும் இல்லை.

அன்றைக்குக் கல்யாண மகாலில் பையன் கதையை முடித்தபோது, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று போலந்துக்காரர் கேட்டார். மோவுத்துக்காரன். பையன் என்னைப் பார்த்தான். எம்.ஏ. படித்தவனாயிற்றே. ராஜாவின் நண்பன், முஸ்லிம் தளபதி என்று இங்கிலீஷில் சொன்னேன். பையனுக்குத் திருப்தி இல்லை. “அது இல்ல சார். கல்யாணப் பந்தல்லேர்ந்து எழுந்து சண்டைக்கு வந்தவன் சார். எங்க ஆயா அந்த இடம் வந்தா அழும். அதைச் சொல்லுங்க.” சொன்னேன், முடிந்த அளவு. இரண்டு பெண்களும் குறிப்பேட்டில் அவரவர் மொழியில் எழுதிக்கொண்டார்கள். பையன் எட்டிப் பார்த்தான், நானும் பார்த்தேன். எழுத்து தெரிந்தது.